காசு நமது, கேசு எவரது?

பள்ளி மாணவர்க்கான பேச்சுப் போட்டி ஒன்றிற்கு என் மாணவன் ஒருவனை அழைத்துச் சென்றிருந்தேன். 'உலக மொழிகளில் தமிழ்' என்பது தலைப்பு. பையன் நன்றாகப் பேசினான். கட்டுமரத்தையும் சுருட்டையும் சொல்லி முடித்துவிட்டு, "ஆங்கிலேயன் நாள்தோறும் எண்ணியெண்ணிப் பைக்குள் போட்டுக்கொள்ளும் பணத்திற்கே நாம்தாம் பெயர் வைத்தோம், நம் காசுதான் அவன் நாவில் கேசு ஆயிற்று" என்றான். அவையே கைதட்டியது. நானும் தட்டினேன்.

நடுவர்களுள் ஒருவர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் பேராசிரியர். முடிவு அறிவிக்கும்போது அவர் எழுந்து, "அச்சொல் பெட்டி என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எந்த ஆங்கில அகரமுதலியிலும் முதல் வரியிலேயே இது கிடைக்கும். தமிழ்ப்பற்றாளர் காட்டும் சொற்பிறப்புகளெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான்" என்றார். அவையில் சிலர் நகைத்தனர். பையன் மேடையில் நின்றபடி என்னைப் பார்த்தான். பேருந்தில் திரும்பி வரும்போதுதான் வாய் திறந்தான்: "ஐயா, நீங்கள்தாமே வகுப்பில் சொன்னீர்கள்?"

ஆம், நான்தான் சொன்னேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவந்திருக்கிறேன். இளமையில் ஒரு மேடையில் கேட்டேன். ஒலி ஒத்தது, பொருளும் ஒத்தது, உள்ளம் களித்தது. அன்றே என் சரக்காக்கிக்கொண்டேன். அகரமுதலியைத் திறந்து பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் அந்த இருபது ஆண்டுகளில் ஒரு நாளும் தோன்றவில்லை. அன்றிரவு திறந்தேன். அங்குக் கண்டதைத் தென்மொழிப் பற்றுடைய அன்பர்கள் முன் மறைக்காமல் வைப்பது என் கடன்.

(ஒன்று முன்னரே சொல்லிவிடுகிறேன். அவ் ஆங்கிலச் சொல்லைக் 'கேசு' என்றே எழுதுகிறேன். இறுதியிலுள்ள சீறல் ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. இரவல் எழுத்தை நான் எடுப்பதுமில்லை. வழக்குமன்றத்துக் 'கேசு' இதுவன்று, அது வேறு.)

பேராசிரியர் சொன்னது மெய். இலத்தீனில் 'கப்சா' என்பது பெட்டி. உரோமர்கள் தம் ஏட்டுச் சுருள்களை இட்டு வைத்த உருண்டைப் பேழைக்கு அது பெயர். நம் வீடுகளில் ஓலைச் சுவடிகளை அடுக்கி வைத்த பெட்டியைப் போன்றதென்று கொள்ளலாம். கொள்ளுதல், பற்றுதல் என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்தது அச்சொல். இத்தாலியத்தில் அது 'காசா' என்றும், பிரெஞ்சில் 'கேசு' என்றும் திரிந்து, வணிகர் பணம் போட்டு வைக்கும் பெட்டியைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் பணப்பெட்டி என்னும் பொருளுடனேயே நுழைந்தது. பிறகு பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டில் பெட்டிப் பொருள் வழக்கொழிந்தது. பணப் பொருள் மட்டும் எஞ்சியது. பெட்டியைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலக் 'கேசும்', நோயாளி விழுங்கும் 'கேப்சூல்' என்னும் சிற்றுறை மருந்தும் அதே கப்சாவின் மக்களே.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் கடைத்தெருவிலும் இதே பொருள்மாற்றம் நாள்தோறும் நடக்கிறது. "பெட்டியில் யார் இருக்கிறார்?" என்று கேட்டால் பணம் வாங்குபவர் யாரென்பது பொருள். "பெட்டி கைமாறிவிட்டது" என்று தேர்தற் காலத்தில் ஒருவன் சொன்னால் கேட்பவன் தச்சனைத் தேடிப்போவதில்லை. இடவாகுபெயரை எட்டாம் வகுப்பிலேயே நடத்துகிறோம். ஆங்கிலேயனுக்கும் ஆகுபெயர் உண்டு என்பதை மட்டும் மறந்துபோகிறோம்.

'கப்சா' என்னும் சொல்லை நம் பிள்ளைகள் எப்பொருளில் ஆளுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு, இலத்தீன் பேழையும் நம் தெருப் பொய்யும் ஒரே வேரின என்று எவரேனும் எழுதினால் நகைப்போம். நான் இருபது ஆண்டுகளாகச் செய்ததும் அதே வேலைதான். அப்போது எவரும் நகைக்கவில்லை, அவ்வளவே.

இதுவரை கணக்குப் பேராசிரியர் பக்கம். ஆனால், அவர் அகரமுதலியின் முதல் வரியைப் படித்துவிட்டு மூடிவிட்டார். பெரிய ஆங்கில அகரமுதலிகளில் அதே எழுத்துகளாலான இரண்டாவது சொல் ஒன்று தனிப்பதிவாக இருக்கிறது. கீழைநாடுகளில் வழங்கிய குறைந்த விலையுள்ள சிறுகாசு என்பது அதன் பொருள். அதன் பிறப்பிடம் தமிழ்க் காசு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட 'ஆப்சன்-சாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியமும் இதைச் சொல்லுகிறது. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, சொல் இரண்டு. ஒன்று பெட்டியின் வழி, மற்றொன்று நம் வழி. (படைத்தலைவன் ஒருவனை இழிவுபடுத்தி வேலையினின்று நீக்குவதைக் குறிக்கும் 'கேசியர்' என்னும் வினை மூன்றாவது சொல், வெறுமையாக்குதல் என்னும் இலத்தீன் அடியினின்று பிரெஞ்சு, தச்சு மொழிகளின் வழியே வந்தது. பணம் வாங்கும் கேசியருக்கும் அதற்கும் உறவில்லை.)

நம் சொல் ஆங்கிலத்துக்குப் போன வழிதான் சுவையானது. போர்த்துகீசியர் 1498இல் கள்ளிக்கோட்டையில் இறங்கினர். 1511இல் மலாக்காவைப் பிடித்தனர். மலாக்காவில் தமிழ் வணிகர் செல்வாக்குடன் இருந்த காலம் அது. கடற்கரை நெடுகச் சிறுகாசுக்கு வழங்கிய பெயர் அவர்கள் காதில் விழுந்தது. அதனை அவர்கள் 'கைசா' என்று தம் வாய்க்கேற்பச் சொன்னார்கள். ஏன் அவ்வாறு திரித்தார்கள்? அவர்கள் மொழியில் கைசா என்று ஒரு சொல் முன்னமே இருந்தது. என்ன பொருள்? பெட்டி! அதே இலத்தீன் கப்சாவின் போர்த்துகீசியப் பிள்ளை. அயற்சொல்லைக் கேட்பவன் தனக்குப் பழகிய சொல்லின் வடிவத்தில் அதனை அடக்கிக்கொள்வது எல்லா மொழியிலும் உள்ளது. நம் காசு போர்த்துகீசியன் நாவிலேயே அவன் பெட்டியின் உருவை ஏற்றுவிட்டது. ஆங்கிலேயன் அக் கைசாவைக் கேட்டுத் தன் பெட்டிச் சொல்லின் எழுத்திலேயே எழுதினான். வெவ்வேறு மலையிற் பிறந்த இரண்டு ஆறுகள் ஒரே முகத்துவாரத்திற் கலந்ததைப் போன்றது இது. கடலைப் பார்த்து ஆறு ஒன்றே என்று சொன்னது என் பிழை. நம் மலையிலிருந்து ஆறே வரவில்லை என்று எண்ணியது பேராசிரியர் பிழை.

இந்தச் சீறல் ஒலி போர்த்துகீசியர் வழி வந்தது என்பதற்கு வேறு சான்றும் இருக்கிறது. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த தேனியர், தாம் அடித்த காசுகளில் 'கசு' என்றே பொறித்தனர். அதில் சீறல் இல்லை. கும்பினியார் சென்னை மாநிலத்துக்கென்று பர்மிங்காம் நகரின் சோகோ காசுச்சாலையில் 1803இலும் 1808இலும் அடித்த செப்புக்காசுகளில் 'இருபது கேசு' என்று ஆங்கிலத்திலும், அதே பக்கத்தில் இருபது காசு நான்கு பலூசு ஆகும் என்று பாரசீகத்திலும் எழுதியிருக்கும். ஒரே செப்புத் தகட்டில் ஆங்கிலேயன் தன் திரிபை எழுதினான். பாரசீக எழுத்தாளன் நம் ஒலியை அப்படியே எழுதினான். இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் கெண்டுக் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணற்றிட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அக் காசுகளைப் பெருந்தொகையாக வெளிக்கொணர்ந்தனர். இன்றும் பழங்காசு தொகுப்போர் அவற்றை வாங்கி விற்கின்றனர். தமிழ்ச்சொல் ஒன்று ஆங்கிலேயன் கடலடியில் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்து எழுந்து வந்திருக்கிறது. மேடையில் சொல்வதற்கு இது போதாதா?

சென்னையில் அந்நாளில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. கும்பினியின் கணக்குப் பொத்தகங்கள் இந்த வாய்பாட்டில்தான் 1818 வரை எழுதப்பட்டன. அதன்பின்னரே உருபா தலையெடுத்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஓர் உருபா என்னும் கணக்கு 1949 வரை நடந்தது. குமரி மாவட்டத்து முதியவர் சிலர் அதைத் தம் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பர். புதுக்கோட்டையின் அம்மன் காசைக் கண்ட கண்கள் இன்னும் சில இருக்கும். இவற்றையெல்லாம்விட வியப்பானது, சீனத்தின் நடுவே சதுரத் துளையுள்ள செப்புக்காசுக்கும் ஐரோப்பியர் இதே பெயரை வைத்ததுதான். சீனன் அதற்குத் தன் மொழியில் வேறு பெயர் வைத்திருந்தான். அவன் காசுக்குத் தமிழன் பெயரைப் போர்த்துகீசியனும் ஆங்கிலேயனும் சூட்டினர். இன்றும் உலகெங்கும் பழங்காசு ஆய்வோர் அதனைச் 'சீனக் கேசு' என்றே அழைக்கின்றனர். இலத்தீன் பெட்டிக்கு அதில் பங்கில்லை.

அவ்வாறு வழங்கிய காசுகளின் பன்மையையும் பாருங்கள். 'இருபது கேசு' என்று ஒருமையாகவே பொறித்தார்கள். ஆங்கிலப் பன்மை ஈறு சேர்க்கவில்லை. 'இருபது காசு' என்பது நம் வழக்கு. அஃறிணைப் பெயர் பன்மை ஈறு இன்றியே பன்மை உணர்த்தும். இது தமிழ் இலக்கணத்தின் சாயல் என்று எழுத என் கை துடிக்கிறது. ஆனால், பெட்டிக் கேசும் ஆங்கிலத்தில் பன்மை ஏற்பதில்லை. அதன் சாயலாகவும் இருக்கலாம். ஆகவே எழுதமாட்டேன். பட்டறிவு வந்துவிட்டது.

இனி, காசு தமிழ்தானா என்னும் வினா. நம் சொல்லை ஏற்றுக்கொண்ட ஆங்கில அகரமுதலிகளுள் பல, அதோடு நில்லாமல் 'தமிழ்க் காசு, வடமொழிக் கர்சத்திலிருந்து வந்தது' என்று ஒரு வால் ஒட்டுகின்றன. இதைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். நம் ஆற்றலைச் செலவிட வேண்டிய இடம் இதுவே. கர்சம் என்பது ஒரு நிறைப்பெயர். ஒரு பலத்தில் கால் பங்கு. அந்தக் கால்பலத்துக்குத் தமிழில் ஒரு சொல் உண்டு. அது காசன்று, கஃசு. திருக்குறளில் உழவு அதிகாரத்து 1037ஆம் குறளைப் பாருங்கள். ஒரு பலப் புழுதி காற்பலம் ஆகும்படி உழுது காயவிட்டால் எருவும் வேண்டா என்கிறது அது. அங்கே காற்பலத்துக்கு ஆளப்பட்ட சொல் கஃசு. குறிலும் ஆய்தமும் கொண்டது. கர்சத்துக்கும் கஃசுக்கும் உறவுண்டா, உண்டெனில் எவரிடமிருந்து எவர் பெற்றார் என்பது தனி ஆய்வு. ஆனால், நிறைப்பெயர் கஃசாக இருக்கும்போது, நெடிலோடு கூடிய காசு என்னும் வேறொரு சொல்லையும் அதே கர்சத்தின் தலையிற் கட்டுவது எங்ஙனம்? வடசொல்லின் அவ்வெழுத்து பழந்தமிழில் டகரமாவதே பெருவழக்கு. விடம், வருடம், புருடன் என்பன காண்க. பாகத மொழிகளினூடே வந்ததென்று வேறொரு வழி காட்டுவோர் உளர். அப்படி ஒரு வழி இருக்க முடியும் என்பதை மறுக்கவில்லை. வழி இருப்பதாலேயே அவ்வழியே வந்தது என்றாகிவிடாது.

பொருளையும் பாருங்கள். பழந்தமிழில் காசு என்பது முதற்கண் நிறைப்பெயராகத் தோன்றவில்லை. கோத்து அணியும் பொன்மணியாகவும் பொற்காசாகவும் தோன்றுகிறது. குறுந்தொகை 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், வளைந்த மூக்கில் வேம்பின் பழத்தைக் கவ்விய கிளிக்கு, புது நூலிற் கோப்பதற்காகப் பொன்னணியின் காசு ஒன்றைக் கூரிய நகங்களுக்கிடையே பிடித்திருக்கும் கையை உவமை சொல்கிறார். பழுத்த வேப்பம்பழத்தின் நிறத்தையும் அளவையும் நினைத்துப் பாருங்கள். அக் காசு கண்முன் வந்து நிற்கும். இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் காசு வட்டிக்கு விடப்படுகிறது. ஆண்டொன்றுக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. யாப்பிலக்கணத்தில் வெண்பாவின் ஈற்றடி நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிதல் வேண்டும். தமிழ் கற்ற எவனும் காசில்லாமல் கரையேறியதில்லை என்று எங்கள் கல்லூரியில் ஒரு நகைப்பு உண்டு. மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகிய மொழிகளிலும் இச்சொல் இருக்கிறது. பரோவும் எமனோவும் தொகுத்துத் 1961இல் வெளியிட்ட திரவிடச் சொற்பிறப்பு அகரமுதலி அவற்றை ஓரினமாகத் தொகுத்துக் காட்டுகிறது. கர்சத்திலிருந்து வந்ததென்பார்க்கு இத்தனைக்கும் விடையிறுக்கும் பொறுப்பு இருக்கிறது. அவர்களிடம் நாம் கேட்கலாம். ஆனால், கேட்பதற்கு வாய் வேண்டும். கப்சாவைக் காசென்று சொன்ன வாயால் கஃசைப் பற்றிப் பேசினால் எவன் காது கொடுப்பான்? கட்டிக் கொண்டுபோன நூறு காசில் ஒன்று செல்லாக்காசாக இருந்தால் கடைக்காரன் மற்ற தொண்ணூற்றொன்பதையும் தட்டிப் பார்க்கிறான். அன்று அப்பேராசிரியர் கட்டுமரத்தையும் சுருட்டையும் சேர்த்தே நகைத்துத் தள்ளினார் அல்லவா?

இனி, பொருளைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலக் கேசு என்பது செல்வத்தைக் குறிப்பதன்று. கையில் எண்ணிக் கொடுக்கத்தக்க பணத்தை மட்டுமே குறிப்பது. பிறப்பு தெரிந்தவனுக்கு இது எளிதில் விளங்கும்: பெட்டியில் இருப்பதே கேசு, கடனாக வெளியில் நிற்பது கேசாகாது. இது தெரியாமையால் நேர்ந்த கூத்தை 2016இல் கண்டோம். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் ஐந்நூறு, ஆயிரம் உருபாத் தாள்கள் செல்லாவென்று நடுவணரசு அறிவித்தபின், 'கேசுலெசு' என்னும் சொல் நாடெங்கும் கொட்டப்பட்டது. நம்மவர் அதைப் 'பணமில்லாப் பரிமாற்றம்' என்று பெயர்த்தனர். பணமில்லாமல் என்ன பரிமாற்றம்? பண்டமாற்றா? வங்கி வாயிலில் வெயிலில் நின்ற என் பக்கத்து வீட்டு அம்மையார், "இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்களே" என்றார். அவர் மொழிநூல் கற்றவரல்லர். சொல்லின் பிழையைச் சட்டெனப் பிடித்துவிட்டார். 'காசில்லா' என்றாலும் அதே இடர்தான்; காசில்லாதவன் என்றால் நமக்கு ஏழை. கைப்பணம் வேண்டாப் பரிமாற்றம் என்பது பொருந்தும். கையிருப்பு, கைக்காசு என்னும் வழக்குகள் முன்னமே நம்மிடம் உள்ளன. ரொக்கம் நமதன்று, ரகரம் மொழிமுதலில் வாராது. கல்லாப்பெட்டியின் கல்லாவும் உருதுவழி வந்ததே. பணப்பெட்டி என்றால் போதும்.

கேசு காசிலிருந்து வரவில்லையாயின் காசாளரும் காசோலையும் பிழையாகிவிடுமே என்று ஓர் அன்பர் என்னிடம் அஞ்சினார். அஞ்ச வேண்டா. காசாளர் என்பது காசை ஆள்பவர். அதற்கு ஆங்கிலச் சொல்லின் உறவுமுறை எதற்கு? காசோலை என்பது காசு தரச் சொல்லும் ஓலை. இன்று வங்கிக்கு வரும் உழவர்கூட அதை எளிதாகச் சொல்லுகிறார். தமிழ்ச்சொல் தன் காலில் நிற்கிறது. தமிழன் நடத்தும் கடையில் 'கேசியர்' என்று எழுதித் தொங்கவிடுவதற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கப்சாவின் வழியையும் மறுபக்கம் காசின் வழியையும் எழுதினேன். முன்னர் நான் கற்பித்தது பிழை என்றும் சொன்னேன். ஐம்பது அகவை கடந்த ஆசிரியனுக்கு அது எளிதன்று. பிள்ளைகள் நகைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பையன் எழுந்து, "அப்படியானால் கட்டுமரம், ஐயா?" என்றான். "அது உறுதி." "வெட்டிவேர்?" "உறுதி." "குருந்தக்கல்?" "உறுதி, கொரண்டம் என்று அவர்கள் சொல்வது அதுதான்." அவன் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனான், ஆறாவது சொல்லில் நான், "பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன்.

நான் வகுப்பில் சொல்லிவந்த இத்தகைய சொற்களுக்கு ஒரு பழைய குறிப்பேடு வைத்திருக்கிறேன். அதில் நாற்பத்திரண்டு சொற்கள் உள்ளன. இதுவரை பத்தொன்பதைச் சரிபார்த்து, எட்டை அடித்துவிட்டேன். எஞ்சியவற்றை அப்பையனும் நானும் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து பார்த்துவருகிறோம்.